தொப்புட்கொடி இரத்தம்: தனிப்பேழையோ, ஊருணியோ?

நம் நாட்டுப்புறங்களிலே, குழந்தை பிறந்த சில நாட்களில் உலர்ந்து உதிரும் தொப்புட்கொடியை எறிந்துவிடாமல் எடுத்துவைத்து, வெள்ளித் தாயத்துள் அடைத்து, அக்குழந்தையின் அரைஞாணிலேயே கட்டிவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அது குழந்தையைத் தீங்கினின்றும் காக்கும் என்பது முதியோர் நம்பிக்கை. புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்து வளர்ந்த யானும் அத்தகைய தாயத்தொன்றை அணிந்தே மண்ணில் தவழ்ந்தேன். பின்னர்க் கலாசாலை புகுந்து விஞ்ஞானம் பயின்ற காலத்தில் பாட்டிமாரின் அச்செயலை எண்ணி நகைத்ததும் உண்டு. இப்பொழுது அந்நகைப்பு அடங்கிவிட்டது. ஏனெனில், கற்றோரும் செல்வருமே அத்தாயத்தின் புதியதோர் உருவத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கக் காண்கின்றேன். பழைய தாயத்து வெள்ளியாலானது. புதிய தாயத்து திரவ நைட்ரஜன் நிரம்பிய எஃகுத் தொட்டி. பழையது உலர்ந்த கொடியைப் போற்றிற்று. புதியது அக்கொடியினுள் ஓடிய இரத்தத்தைப் போற்றுகின்றது. இவ்விரண்டிற்கும் வேற்றுமை எத்துணை, ஒற்றுமை எத்துணை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என்னை இவ்வாராய்ச்சிக்கு இழுத்தது என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. என் தங்கை தலைப்பிரசவத்திற்காக அறந்தாங்கிக்கு அணித்தாயுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்த சில நாட்களில், அவள் மாதந்தோறும் சென்றுவந்த ஒரு தனியார் மருத்துவசாலையின் கூடத்திலே, நன்கு உடுத்த இளைஞர் ஒருவர் அவளை அணுகி, வண்ணப் படங்கள் நிறைந்த சிறு புத்தகமொன்றைக் கொடுத்தார். குழந்தை பிறந்தவுடன் தொப்புட்கொடியிலுள்ள இரத்தத்தை எடுத்துப் பல்லாண்டு காத்துவைக்கும் கம்பெனியின் பிரதிநிதி அவர். “அக்கா, பிறக்கும்போது ஒரே ஒரு தரந்தான் இதை எடுக்க முடியும். அந்தச் சமயத்தை விட்டுவிட்டால், பின்பு கோடி கொடுத்தாலும் கிடைக்காது. எண்பது நோய்களுக்கு இது மருந்து” என்று அவர் சொன்னாராம். அவர் கேட்ட தொகை அரை இலட்சத்திற்கும் மேற்பட்டது. மைத்துனர் சிங்கப்பூரிலே கட்டடவேலை பார்த்துப் பொருளனுப்புகின்றவர். அவரிடம் கேட்பதற்கு முன்னரே, வளைகாப்பிற்கு அணிவித்த பொன்வளையல்களை அடகுவைப்பதென்று என் தங்கை உறுதி செய்துவிட்டாள். யான் தடுத்தபோது அவள் கேட்ட கேள்வி இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது. “அண்ணே, நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால், அம்மா அன்றைக்கு வளையலைத்தானே பெரிதாக நினைத்தாள் என்று அது கேட்காதா?”

அக்கேள்விக்கு யான் உடனே விடைகூற வல்லேனல்லேன். ஒரு தாயின் அச்சத்திற்கு முன்னே தருக்கம் தலைகுனியும். ஆயினும், அவ்வச்சத்தை வாணிகப் பொருளாக்குதல் முறையோ என்னும் ஐயம் எழுந்தது. அது காரணமாகப் படித்தறிந்தவற்றையும், இக்கலாசாலையில் என்னோடு பயின்று இப்பொழுது மருத்துவராய் விளங்கும் நண்பரொருவரிடம் கேட்டறிந்தவற்றையும் அன்பர்கள்முன் வைக்கின்றேன்.

கருவிலுள்ள குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் தாயினிடமிருந்து நஞ்சுக்கொடி வாயிலாகத் தொப்புட்கொடியின் வழியே செல்கின்றன. குழந்தை பிறந்து கொடி அறுக்கப்பட்ட பின்னர், நஞ்சுக்கொடியிலும் தொப்புட்கொடியிலும் எஞ்சிநிற்கும் இரத்தம் பெரும்பாலும் அரை ஆழாக்கு அளவே இருக்கும். முற்காலத்தில் அது கழிவென்று புதைக்கப்பட்டது. ஆயின் அதனுள், எலும்பு மஜ்ஜையில் இருப்பன போன்ற குருத்தணுக்கள் நிரம்ப உள்ளன. ‘ஸ்டெம் செல்’ என்று பத்திரிகைகள் வழங்குவன இவையே. செவ்வணு, வெள்ளணு, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு ஆகிய எல்லாம் இவற்றினின்றே தோன்றுகின்றன. ஆதலின், ஒருவருடைய மஜ்ஜை பழுதுற்றபோது அதனை மருந்துகளால் அழித்துவிட்டு, இக்குருத்தணுக்களை நரம்பின் வழியே செலுத்தினால், அவை எலும்பினுட் குடியேறிப் புதிய இரத்தத்தைப் படைக்கும். இஃது உண்மையான விஞ்ஞானம். ஐயப்படுதற்கு இதில் ஒன்றுமில்லை.

இதனை முதன்முதலில் உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் நகரத்துச் செயின்ட் லூயி மருத்துவமனையில் நிகழ்ந்தது. பான்கோனி இரத்தசோகை என்னும் பிறவிநோயால் வருந்திய ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, எலியான் குளுக்மன் என்னும் மருத்துவ அம்மையார் தொப்புட்கொடி இரத்தத்தைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்து, வளர்ந்து, ஆண்மகனானான். இவ்வரலாற்றில் ஒரு செய்தியை மாத்திரம் வாசகர் நன்கு கவனித்தல் வேண்டும். அச்சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது அவனுடைய சொந்த இரத்தமன்று. அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் கொடியிலிருந்து எடுத்தது. நோயற்ற பிறிதோர் உயிரின் கொடையே அவனை வாழ்வித்தது. இத்துறை முழுமைக்கும் திறவுகோல் இஃதேயாகும்.

இவ்வெற்றியின் பின்னர் இருவகைச் சேமநிலையங்கள் தோன்றின. ஒன்று பொதுநிலையம். 1990-க்குப் பிந்திய ஆண்டுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கு நகரத்து இரத்தநிலையம் இதற்கு வழிகாட்டிற்று. தாய்மார் ஊதியம் பெறாது அளித்த இரத்தத்தை அது சோதித்து வைத்திருந்து, உலகில் எவருக்குப் பொருந்துமோ அவருக்கு வழங்கும். மற்றொன்று தனிநிலையம். இது பெற்றோரிடம் கட்டணம் பெற்று, அக்குழந்தைக்கும் அதன் குடும்பத்திற்கும் மாத்திரம் உரியதாக இரத்தத்தைப் பூட்டிவைக்கும். இந்தியாவில் தனிநிலையத்திற்கு வழிகோலியது 2004-இல் சென்னையில் தோன்றிய லைப்செல் நிறுவனம். பின்னர்ப் பல நிறுவனங்கள் பெருநகரங்களில் எழுந்தன. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் மருந்துச் சட்டத்தின் விதிகளைத் திருத்தி, இந்நிலையங்கள் யாவும் அரசாங்க உரிமம் பெற்றே நடைபெறல் வேண்டுமென இந்திய அரசினர் வகுத்தனர். எனவே, இவை சட்டத்திற்கு மாறானவை என்று யான் கூறவில்லை. சட்டம் இடங்கொடுப்பதெல்லாம் அறிவு இடங்கொடுப்பதாகுமா என்பதே வினா.

முதலாவது, தன் இரத்தம் தனக்குப் பயன்படுமா? தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயை எடுத்துக்கொள்வோம். அந்நோயுடன் பிறந்த குழந்தையின் மஜ்ஜையில் எக்குறை உண்டோ, அக்குறையே அதன் தொப்புட்கொடி இரத்தத்திலும் உண்டு. பழுதுற்ற விதையை எடுத்துவைத்து, பழுதுற்ற வயலில் மீண்டும் விதைத்தால் விளைவு யாதாகும்? குழந்தைப் பருவத்து இரத்தப் புற்றுநோயிலும் நிலைமை இதுவே. அந்நோய்க்கு வித்தாகும் மாறுதல் பலருக்குப் பிறப்பதற்கு முன்னரே அணுக்களில் நேர்ந்துவிடுகின்றதென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அன்றியும், பிறர் தந்த அணுக்களே எஞ்சியுள்ள புற்றணுக்களைப் பகையென உணர்ந்து அழிக்கவல்லன. தன்னணுக்களுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே, விளம்பரங்களிற் காணும் எண்பது நோய்களிற் பெரும்பாலானவை பிறர் இரத்தத்தால் தீர்வனவேயன்றித் தன் இரத்தத்தால் தீர்வன அல்ல. பட்டியல் மெய், அதனைக் காட்டி விற்கும் பொருள் வேறு. இதுவே இவ்வாணிகத்தின் சூழ்ச்சி.

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தார் 2018-இல் வெளியிட்ட முடிவுரையில், ஒரு குழந்தை தன் வாழ்நாளின் முதல் 20 ஆண்டுகளுள் தன் கொடி இரத்தத்தைத் தானே பயன்படுத்த நேரும் வாய்ப்பு 2,500-இல் ஒன்று முதல் 2,00,000-இல் ஒன்று வரையில் இருக்கலாமெனக் கணித்துள்ளனர். இச்சேமிப்பை ‘உயிர்க்காப்பீடு’ என்று பேசுதல் தகாதென்பதும் அவர்கள் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2017-இல் வகுத்த நெறிமுறைகளில், பிற்காலத்தில் தனக்கே பயன்படுமென்று கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று வெளிப்படையாகவே கூறியுள்ளனர். கொடியின் தசை, பல்லின் உட்சதை முதலியவற்றைச் சேமிக்கும் நிலையங்களுக்கு நாட்டில் அனுமதியே இல்லையென்பதையும் அவர்கள் தெளிவுறுத்தினர். இத்தாலி, பிரான்சு முதலிய தேசங்கள் தம் எல்லைக்குள் தனிநிலையங்கள் வாணிகம் செய்ய இடந்தரவில்லை.

இரண்டாவது, அளவு. குருத்தணுக்கள் எத்துணை வேண்டுமென்பது நோயாளியின் எடையைப் பொறுத்தது. அரை ஆழாக்கு இரத்தத்திலுள்ள அணுக்கள் எடை குறைந்த சிறு குழந்தைக்குப் போதும். வளர்ந்த ஆடவனுக்குப் பெரும்பாலும் போதா. எடுக்கப்படும் பைகளிற் பல, பொதுநிலையங்கள் ஏற்கும் அளவுக்குக் குறைந்தே இருத்தல் கண்கூடு. பொதுநிலையம் அத்தகைய பையை வேண்டாமென்று விலக்கும். அதற்குப் பயனே அளவுகோல். தனிநிலையத்திற்குக் கட்டணமே அளவுகோலாதலின், குறைந்த பையும் அங்குப் பூட்டப்பெறும்.

மூன்றாவது, எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதி. “இன்று பயனில்லையாயினும் நாளைக்கு மூளைநோயும் மதியிறுக்கமும் இதனால் தீரும்” என்பர். ஆராய்ச்சியை யான் பழிப்பவன் அல்லன். ஆயினும், அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையார் ஆட்டிசம் என்னும் மதியிறுக்கமுடைய குழந்தைகளுக்குக் கொடி இரத்தம் செலுத்திச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவர்கள் முதன்மையாக எதிர்நோக்கிய முன்னேற்றம் காணப்படவில்லை. நாளைய விஞ்ஞானம் நாளை பேசட்டும். அதன் பெயரால் இன்றே பணம் பறித்தல் நாணயமாகாது.

நான்காவதாக யான் கூறப்போவது பெரும்பாலோர் எண்ணிப்பாராதது. அதுவே மிகவும் வேண்டற்பாலது. குழந்தை பிறந்த கணத்தில் கொடியில் ஓடும் இரத்தம் கழிவன்று. அது குழந்தையின் உடைமை. கொடியை உடனே இறுக்கி அறுக்காது 1 நிமிடம் முதல் 3 நிமிடம் வரை பொறுத்திருந்தால், ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிலிட்டர் இரத்தம் குழந்தையின் உடலினுள்ளே தானே சென்று சேர்கின்றது. அதனோடு சேரும் இரும்புச்சத்து பின்வரும் மாதங்களிற் குழந்தையைச் சோகையினின்றும் காக்கின்றது. ஆதலின் உலக சுகாதார நிறுவனம் இவ்வாறு பொறுத்து அறுத்தலையே விதித்துள்ளது. சேமிப்புப் பையை நிரப்ப வேண்டுமாயின், கொடியில் இரத்தம் நிரம்ப எஞ்சியிருத்தல் வேண்டும். குழந்தைக்குச் சென்றுவிட்டதோ பைக்கு வாராது. ஒரே அரை ஆழாக்கைக் குழந்தைக்கும் ஊட்டிப் பையிலும் நிரப்புதல் எவ்வாறு இயலும்?

நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறுமாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகையுடையர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அந்நிலையினரே. இரண்டு இலட்சத்தில் ஒன்றாக வரக்கூடிய ஒரு நோய்க்கு அஞ்சி, மூவரில் இருவருக்கு வந்தே நிற்கும் நோய்க்குரிய மருந்தைக் குழந்தையின் வாயினின்றும் பறித்தல் அறிவுடைமையோ? உண்மையான சேமநிலையம் குழந்தையின் உடலே. அங்கு இடும் பொருளுக்குக் கட்டணமில்லை. வட்டியோ முதல்நாளே கிடைக்கின்றது.

ஐந்தாவது, காவலின் உறுதி. இரத்தம் பூச்சியத்திற்குக் கீழே 196 பாகை குளிரில் இமைப்பொழுதும் வழுவாது காக்கப்படல் வேண்டும். நம் மாவட்டத்தாருக்கு உறவும் தொழிலும் மிகுந்த சிங்கப்பூரிலே, 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தார் ஒரு செய்தி வெளியிட்டனர். கார்ட்லைப் என்னும் தனிநிலையத்தில் ஏழு தொட்டிகள் தகுந்த குளிர்நிலையில் வைக்கப்படவில்லையென்றும், அவற்றுள் ஒன்றிலிருந்த ஏறத்தாழ 2,200 குழந்தைகளின் கொடி இரத்தம் கெட்டுப்போயிற்றென்றும் அதனால் தெரியவந்தது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வந்த பெற்றோருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. ஐரோப்பாவில் 2019-இல் கிரையோ சேவ் என்னும் பெருநிறுவனம் கடையடைத்தபோது, பல தேசத்துக் குழந்தைகளின் பைகள் போலந்து நாட்டு நிலையமொன்றிற்கு மாற்றப்பட்டன. கம்பெனி என்பது மனிதரைப் போலவே பிறக்கும், நோயுறும், இறக்கும். எழுபத்தைந்தாண்டுக் காவல் என்று விளம்பரம் செய்வாரும் உளர். உலகின் முதற் கொடி இரத்த சிகிச்சையே 1988-இல் நடந்ததாயின், எழுபத்தைந்தாண்டு வைத்திருந்து சோதித்தவர் யாவர்? பொருள் மீட்கும் நாள் வரும்வரை பேழையுள் யாதிருக்கின்றதென்று அறியமுடியாத வாணிகம் இது.

இத்துணையும் கேட்ட ஒருவர், “பணமுடையோர் தம் பணத்தைச் செலவிடுகின்றனர், நினக்கென்ன வழக்கு?” என்று வினவலாம். இவ்வழக்குப் பணமுடையோரைப் பற்றியதன்று. என் தங்கையைப் போன்றோரைப் பற்றியது. நம் மாகாணத்தில் ஏழைத் தாய்மாருக்கு அரசாங்கத்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் மகப்பேற்றுதவி அளிக்கின்றனர். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக அதன் மதிப்பு 18,000 ரூபாய். ஒரு தாயும் சேயும் நலமுற்றிருக்க நாடு ஒதுக்கும் இத்தொகையைப் போல மும்மடங்கை, அத்தாயின் அச்சத்தை எழுப்பி ஒரு பையின் பொருட்டு வாங்குதல் எங்ஙனம் நியாயமாகும்? அதுவும், பிரசவ நாளை எண்ணி மனம் நடுங்கும் காலத்தில், மருத்துவசாலையின் கூடத்திலேயே வந்து பேசுங்கால், கேட்பவள் அதனை வாணிகன் சொல்லெனக் கொள்ளாள். மருத்துவர் சொல்லெனவே கொள்வாள்.

எனினும் நடுநிலை பிறழ்தல் ஆகாது. ஒரு குடும்பத்தில் முன்னரே தலசீமியா முதலிய நோயுற்ற குழந்தை இருந்து, அடுத்துப் பிறக்கும் நோயற்ற குழந்தையின் கொடி இரத்தம் அதற்குப் பொருந்தக்கூடுமாயின், அதனைச் சேமித்தல் அறிவும் கடமையுமாகும். உடன்பிறந்தார் இருவர் முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தகையோர் விளம்பரத்தைக் கேளாமல், இத்துறை வல்ல மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜைமாற்று சிகிச்சை நடைபெற்று வருகின்றது. நம்மவர் நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை.

இனி, ‘காப்பு’ என்னும் சொல்லைச் சற்றே ஆராய்வோம். காப்பீடு என்பது யாது? ஆயிரவர் சிறிது சிறிதாக இடுகின்றனர். துன்புற்ற ஒருவன் பெறுகின்றான். பலர் பொருள் ஒருவனுக்கு உதவுவதே காப்பின் உயிர். தனிநிலையத்தில் நிகழ்வதோ இதற்கு மாறானது. ஆயிரவர் தத்தம் பையைத் தத்தம் பேழையிற் பூட்டுகின்றனர். துன்புற்றவனுக்குத் தன் பைதவிர வேறில்லை. அப்பையோ அவனுக்குப் பயன்படாது. அயலான் பை பயன்படும். ஆனால் அது பூட்டுண்டு கிடக்கின்றது. ஆயிரம் பேழையிலும் மருந்துண்டு. ஆயிரவரில் ஒருவனுக்கும் மருந்தில்லை!

இதனை உணர்ந்தோ என்னவோ, பதிவுசெய்தோர் தம்முள் ஒருவர் பையை மற்றொருவர் பெறலாமென்னும் ‘சமுதாயச் சேமிப்பு’ முறையை முற்கூறிய சென்னை நிறுவனம் 2017-இல் தொடங்கிற்று. தன் பையைவிடப் பிறர் பையே உதவும் என்னும் உண்மையை இது ஒப்புக்கொள்கின்றது. ஆயினும், பணம் செலுத்தாதவன் குழந்தைக்கு அதில் இடமில்லை. ஊருணிக்கு மதிலெழுப்பி வாயிலிற் கட்டணம் வாங்குதலை ஊருணி என்று யார் சொல்வார்?

ஊருணியின் பெருமையைப் புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு யான் எடுத்துரைத்தல் மிகை. ஆறு வறண்ட நம் நாட்டில் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டிவைத்து முன்னோர் வாழ்ந்தனர். குடிநீர் ஊருணியிற் கால் நனைத்தலும் குற்றமெனக் காத்தனர். பின்னர் வீட்டுக்கு வீடு ஆழ்குழாய்க் கிணறு வந்தது, ‘என் நீர் எனக்கு’ என்றனர், ஊருணி தூர்ந்தது. ஆண்டுக்காண்டு குழாய்கள் ஆழம் போயின. வசதியுள்ளவன் மேலும் துளைத்தான். இல்லாதவன் குடத்தோடு நின்றான். இறுதியில் வசதியுள்ளவன் குழாயிலும் காற்றே வந்தது. நீரிற் கற்ற பாடத்தை இரத்தத்திலும் நாம் மறுமுறை கற்றல் வேண்டுமோ?

நம் மாவட்டம் பெற்றெடுத்த பேரொளியாகிய முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கையை நினைவுகூர்தல் இங்குப் பொருந்தும். 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்து, ஆடவர் பயின்ற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே கற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர் அவர். தம் உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவர் நெஞ்சில் முப்பதாண்டு கனன்றது. அவர் தம் குடும்பத்தை மாத்திரம் காக்கும் வழியைத் தேடினாரல்லர். 1952-இல் பிரதமர் நேரு அவர்கள் கால்கோளிட, 1954-இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று தொட்டு எத்தனை அயலார் தங்கையர் அங்கு உயிர்பெற்றனர்! தன் வீட்டுத் துயரைப் பிறர் வீட்டுக்குக் காப்பாக்குதல் ஒரு வழி. பிறர் வீட்டுத் துயரைக் காட்டித் தன் பெட்டியை நிரப்புதல் மற்றொரு வழி. நம் மண் காட்டியது முன்னையதே.

பொதுநிலையங்கள் நம் நாட்டில் ஏன் தழைக்கவில்லை என்று கேட்பீராயின், விடை எளிது. ஒவ்வொரு பையையும் சோதித்துக் காக்கப் பெருஞ்செலவாகும். அதனைத் தாங்க அரசாங்கமும் அறநிலையங்களும் தொடர்ந்து முன்வருதல் வேண்டும். சென்னையில் ஜீவன் என்னும் தொண்டு நிறுவனம் பொதுவிற்காகக் கொடி இரத்தம் திரட்ட முற்பட்டது போற்றற்குரியது. அன்றியும், பாதியளவே பொருந்தும் தாய் தந்தையரின் மஜ்ஜையையும் பயன்படுத்தும் முறை இப்பொழுது சிறந்து வருதலின், கொடி இரத்தத்தின் தேவையே முன்னினும் குறைந்துள்ளது. இவ்வுண்மையைத் தனிநிலையத்தார் விளம்பரத்தில் யான் கண்டதில்லை.

ஆயின் நம் கலாசாலை மாணவருக்கு இன்றே திறந்திருக்கும் ஊருணி ஒன்றுண்டு. 2009-இல் சென்னையிலே தொடங்கப்பெற்ற தாத்ரி என்னும் பதிவகத்தில், தம் குருத்தணுக்களை வேண்டியோர்க்கு அளிக்க இசைந்து இலட்சக்கணக்கானோர் பெயர் தந்துள்ளனர். பதினெட்டு வயது நிரம்பிய, நலமுள்ள இளைஞர் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தலே முதற்படி. எங்கோ ஒரு நோயாளிக்குப் பொருந்துமாயின் அழைப்பு வரும். அப்பொழுது சில நாள் ஊசிமருந்து ஏற்று, சில மணிநேரம் இரத்ததானம் போன்றே படுத்திருந்து கொடுத்துவிடலாம். கொடுத்த அணுக்களை உடல் சின்னாட்களில் மீண்டும் படைத்துக்கொள்ளும். உறவல்லாத ஒருவர் பொருந்துதல் பதினாயிரத்தில் ஒன்று முதல் பத்து இலட்சத்தில் ஒன்றுவரை அரிது என்பர். அவ்வரிய ஒருவர் இப்பொழுது நம் வகுப்பறையின் கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கவுங் கூடும். அவர் பெயர் ஏட்டில் இல்லையாயின், அவர் இருந்தும் இல்லாதவரே.

என் தங்கையின் கேள்விக்கு விடை கூறாது முடித்தல் தகாது. யான் அறிந்தனவற்றை அவளிடம் எளிய சொல்லிற் கூறினேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் அந்த இரத்தம் பிள்ளைக்கே போகட்டும் அண்ணே” என்றாள். பிரசவத்திற்கு முன்னர் மருத்துவ அம்மையாரிடம் தானே கேட்டு, கொடியைப் பொறுத்து அறுக்கும்படி வேண்டிக்கொண்டாள். பெண்குழந்தை பிறந்தது. வளையல்கள் அவள் கையிலேயே உள்ளன. பிற்காலத்தில் அக்குழந்தை தாயை நோக்கிக் கேள்வி கேட்குமாயின், “உன்னுடையதை உனக்கே கொடுத்தேன்” என்று அவள் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

எங்கள் பாட்டி உலர்ந்த கொடியை எடுத்துத் தாயத்துச் செய்து கட்டினாள். இம்முறை யான் நகைக்கவில்லை. அவள் அதற்கு எவரிடமும் அரை இலட்சம் கேட்கவில்லை. குழந்தையின் இரத்தத்தில் ஒரு துளியையும் எடுக்கவில்லை. அன்பொன்றையே வைத்துக் கட்டினாள்.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் நாளை தாய் தந்தையராவீர், சிலர் மருத்துவராவீர். பெற்றோராகுங்கால், கொடியை அறுக்கும் முன்னர்ப் பொறுத்திருக்கும்படி கேளுங்கள். மருத்துவராகுங்கால், கேளாமலே பொறுத்திருங்கள். உம் கூடத்தில் அச்சம் விற்பாரை அமரவிடாதீர். அதுவரை, உங்கள் எலும்பினுள் இறைவன் வெட்டிவைத்துள்ள ஊருணி வற்றாதது. அதன் கரையை அயலானுக்குத் திறந்துவைப்பீராக.